ஏசி அனலும் மூன்று கிலோமீட்டர் ஆழமும்

காரைக்குடியில் இன்று மதியம். கல்லூரிக் கட்டடத்தின் பின்பக்கம் வரிசையாக ஏசி அவுட்டோர் யூனிட்கள், முகத்தில் அனல் அடித்தது.

பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று. யூனிட்டைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கருகியிருந்தன.

வேறு வழி தேடியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2022இல் தன் இடத்திலேயே சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்த்தது. ஆழம் கூடக் கூடப் பாறை சூடாகும். அந்தச் சூட்டைத் தண்ணீர் வழியாக மேலே கொண்டுவந்து, குளிர்காலத்தில் கட்டடங்களுக்குக் கொடுப்பது திட்டம்.

அங்கே குளிர்ச்சிக்கு 2000ஆம் ஆண்டு முதலே பக்கத்திலுள்ள கயூகா ஏரியின் அடியாழத் தண்ணீர். ஏரி நீர் கட்டடங்களுக்குள் போவதில்லை, குளிர்ச்சி மட்டும் கட்டடங்களுக்குள் சுற்றிவரும் தனிக் குழாய்நீருக்கு மாறுகிறது.

சரி, நமக்கு எதற்குச் சூடு? சூட்டைக் கொண்டே குளிரூட்டும் இயந்திரங்களும் இருக்கின்றனவே!

முற்றமும் சுண்ணாம்புச் சுவரும் வைத்து வெயிலைச் சமாளித்த ஊர் இது. அடுத்த வளாகத்துக்கு வரைபடம் போடும் முன்னாவது இதைப் பேசுங்கள்.