கலங்கிய சிவப்பு

பிரான்சின் லியோனில் ஒரு சின்ன மதுக்கூடத்தில், அதிகம் எதுவும் சேர்க்காமல் செய்யும் இயற்கை ஒயின்களைச் சுவைத்துப் பார்த்தேன். முதலில் ஊற்றியது மோர்கோன் என்ற சிவப்பு ஒயின். பொஜொலே பகுதி, கமே திராட்சை. கிளாஸைத் தூக்கிப் பார்த்தால் லேசான கலங்கல், வடிகட்டவில்லையாம். முதல் மோப்பத்திலேயே மாட்டுத்தொழுவ வாசம். சரி, காசு போச்சு என்று நினைத்தேன். பத்து நிமிடம் விட்டு இரண்டு சுழற்று சுழற்றியதும் அது விலகி, செர்ரியும் ஈர மண்ணும் வந்தன. நாக்கில் துவர்ப்பு அவ்வளவாக இல்லை. முழுக் குலைகளைக் காம்போடு கரியமில வாயுவில் நொதிக்க விடுவதால் வரும் மென்மை அது.

அப்புறம் லுவார் பக்கத்து ஷினோன், கபர்னே ஃபிரான் திராட்சை. குடைமிளகாய் மணம், பென்சில் சீவல். நன்றாகவே இருந்தது.

மூன்றாவதுதான் சொதப்பல். விழுங்கிச் சில நொடி கழித்து எலிக்கூண்டு நாற்றம் தொண்டையிலிருந்து எழும்பியது. கெடாமல் காக்கும் கந்தகம் சேர்க்காத ஒயினில் இந்தக் கோளாறு வரக்கூடும். முகர்ந்தால் பெரும்பாலும் தெரியாது, எச்சில் பட்டால்தான் தெரியும். இயற்கை ஒயினுக்கென்று 2020-இல் வந்த 'வேங் மெத்தோத் நத்யூர்' முத்திரையே லிட்டருக்கு 30 மில்லிகிராம்வரை சல்பைட்டை, அதாவது அந்தக் கந்தகச் சேர்மத்தை, அனுமதிக்கிறது. துளி சேர்த்திருக்கலாமே ஐயா! பாதியை அப்படியே வைத்துவிட்டு, மோர்கோனையே இன்னொரு கிளாஸ் கேட்டேன்.