பழைய அமெரிக்க மடக்குக் கத்திகள்: வருஷம் கண்டுபிடிக்கும் வேலை எதுவரை வந்திருக்கிறது

கேஸ் கத்திகளின் புள்ளிக் கணக்கு இப்போது மனப்பாடம். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இருக்கும் இந்தக் கம்பெனி, அலகின் அடிப்பகுதியில் (சேகரிப்பவர்கள் டாங் என்பார்கள்) பெயரைக் குத்தி அனுப்பும். 1920 முதல் 1940 வரை ‘கேஸ் டெஸ்டட் எக்ஸ்எக்ஸ்’. பிறகு 1964 வரை வெறும் ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’. 1965 முதல் 1969 வரை அதோடு ‘யுஎஸ்ஏ’வும் சேரும். 1970இல் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள்; வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்து 1979இல் ஒரே புள்ளி. 1980இல் மறுபடி பத்து, ஆனால் ‘எஸ்’ எழுத்து மின்னல் கீற்றாக மாறியிருக்கும். ஆகவே முதலில் எஸ்ஸைப் பார்க்கணும், அப்புறம்தான் புள்ளியை எண்ணணும். ஆறு புள்ளி என்றால் சாதாரண எஸ்ஸில் 1974, மின்னல் எஸ்ஸில் 1984.

இவ்வளவு சுலபமா என்றால், முத்திரை சொல்வது அந்த அலகின் வயசை மட்டும்தான். அலகை மாற்றலாம், பிடியை மாற்றலாம். தொழிற்சாலையே மிச்சமிருந்த பழைய அலகைப் புதிய அலகோடு சேர்த்துப் போட்ட கத்திகளும் உண்டு; அவற்றுக்குத் தனி மவுசு. அதனால் ஒவ்வொரு பாகத்தையும் தனியாக விசாரித்து, எல்லாம் ஒத்துப்போகும் காலத்தை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இப்போது மேஜையில் இருப்பது இரண்டு அலகுள்ள ஒரு சின்ன கேஸ். டாங்கில் குத்திய மாடல் எண் 6இல் தொடங்குகிறது. முதல் இலக்கம் பிடியின் பொருள், இரண்டாவது அலகுகளின் எண்ணிக்கை, மீதி மாடல். 5 என்றால் மான் கொம்பு, 6 என்றால் செதுக்கிய எலும்பு. முத்திரை ‘எக்ஸ்எக்ஸ் யுஎஸ்ஏ’, புள்ளியே இல்லை. சரி, 1965–69. ஆனால் நகைக்கடை லூப்பை (சின்னப் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தால் பிடியில் எலும்புக்குரிய துளைகளைக் காணோம். உண்மையான எலும்பில், செதுக்கிய பள்ளத்துக்குள் ஊசி முனை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும்; ரத்தம் ஓடிய வழிகள் அவை. இதில் மேடும் பள்ளமும் ஒரே பளபளப்பு. டெல்ரின் என்ற பிளாஸ்டிக். கேஸ் டெல்ரினைத் தொட்டது 1967இல். பிளாஸ்டிக் ஆன பின்னும் 6 என்ற எண்ணை மாற்றவில்லை. பிடி மாற்றிய தடயம், அதாவது ரிவிட் தலையைச் சுற்றிக் கீறல், பித்தளைத் தகட்டோரத்தில் இடைவெளி, எதுவும் இல்லை. ஆக 1967–69 என்று சீட்டு எழுதி ஒட்டியாச்சு. சிலர் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம், லூப்பே போதும்.

துப்பாக்கிக் கம்பெனியான ரெமிங்டனின் கத்திகளில் எண் தலைகீழ். கடைசி இலக்கம்தான் பிடியைச் சொல்லும்: 3 எலும்பு, 4 முத்துச்சிப்பி, 6 மான் கொம்பு. ஆர்1123 என்ற புகழ்பெற்ற ‘புல்லட்’ கத்தி எலும்புப் பிடிதான். முதல் உலகப் போர் முடிந்து துப்பாக்கி ஆர்டர் நின்றதும் கத்திக்கு வந்தவர்கள், 1940இல் அந்தப் பிரிவையே விற்றுவிட்டார்கள். இருபது வருஷம் மட்டுமே செய்த சரக்கு என்பதால் விலை ஏறிக் கிடக்கிறது. 1982இல் அதே எண்ணில் மறுபதிப்பும் வந்தது. என் பர்ஸுக்கு இரண்டுமே தூரம்.

நியூயார்க் மாநிலத்து ஷ்ரேடு இன்னும் கைக்கு எட்டும். 1946 வரை ‘ஷ்ரேடு கட் கோ’, அதன் பின் 1973 வாக்கில் வரை ‘ஷ்ரேடு வால்டன்’, அப்புறம் ‘ஷ்ரேடு யுஎஸ்ஏ’. 2004இல் ஆலை மூடிவிட்டது. தேதி பார்க்கவே சோம்பல் என்றால் கமிலஸ் செய்த ராணுவக் கத்தி வாங்கலாம், பலவற்றில் டாங்கிலேயே வருஷம் குத்தியிருக்கும்.

முத்திரை மட்டும் மங்கலாக, எழுத்து ஓரமெல்லாம் மழுங்கி, அலகு கண்ணாடி மாதிரி மின்னினால் அது பஃப் போட்ட, அதாவது மெஷினில் தேய்த்து மெருகேற்றிய கத்தி. ஐம்பது வருஷக் கார்பன் எஃகு சாம்பல் பூத்துத்தான் இருக்கும். அதைத் தேய்க்காதீர்கள், ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும்.

ஒரு எச்சரிக்கை: செல்லுலாய்டு என்ற பழைய கால பிளாஸ்டிக் பிடியுள்ள கத்தியை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் பூட்டி வைக்காதீர்கள். அது சிதையும்போது விடும் ஆவி, பக்கத்துக் கத்திகளின் எஃகையும் துருப்பிடிக்க வைக்கும். என்னிடம் அப்படி மூன்று இருக்கின்றன. திறந்த தட்டில், தனி அலமாரியில்.