முருகனுக்குச் சின்ன ஜியா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவை அடுத்துள்ள ஓர் அச்சகத்துக்கு, ஆங்கில அழைப்பிதழ்களையும் விழா மலர்களையும் மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் மாலை வேலை. சென்ற மாதம் கைக்கு வந்தது ஒரு சமய நல்லிணக்க மலர். கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் என்று மூன்று தரப்பினரும் அதில் எழுதியிருந்தனர். தமிழ்ப் பக்கங்கள் தொல்லை தரவில்லை. ஆங்கிலப் பக்கங்களில்தான், பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்ற கேள்வி வரிக்கு வரி எழுந்தது.

முதல் வழக்கு முருகனுக்காக. கந்தகோட்டம் பற்றிய கட்டுரையில், முருகன் குன்றுகளின் கடவுள் என்ற பொருளில் வந்த வாக்கியத்தில், ‘காட்’ என்ற சொல்லின் ஜி எழுத்தை நான் சிறியதாக்கியிருந்தேன். அதை எழுதிய பெரியவர் மெய்ப்புத் தாளோடு நேரில் வந்துவிட்டார். “ஏசுவுக்குப் பெரிய ஜி, எங்க முருகனுக்கு மட்டும் சின்ன ஜியா தம்பி?”

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழில் எழுத்துக்குப் பெரிது சிறிது கிடையாது என்பதால், ஆங்கிலத்தின் பெரிய எழுத்தை நாம் ‘அருள்மிகு’, ‘திரு’ போன்றதொரு மரியாதை அடைமொழியாகவே எண்ணிவிடுகிறோம். ஆனால் அது முதன்மையாகப் பெயரின் அடையாளம். முருகன் என்பது பெயர். அதன் எம் எழுத்து பெரியதாகவே இருக்கிறது. அதே வாக்கியத்தின் ‘காட்’, தெய்வம் என்ற பொதுச்சொல்லின் வேலையைத்தான் அங்கே செய்கிறது. கிரேக்கரின் சீயஸைத் தெய்வம் என்று சொன்னாலும் அதே சிறிய ஜிதான். மாறாக, கட்டுரையின் கடைசிப் பத்தியில், கடவுள் எங்களைக் கைவிட்டதில்லை என்று பெரியவர் எழுதியிருந்த இடத்தில் ஜி பெரியதாகவே நிற்கிறது, ஏனென்றால் அங்கே அந்தச் சொல்லே முருகனுக்குப் பெயராகிவிடுகிறது. இரண்டு இடங்களையும் அருகருகே காட்டியபின், “அப்ப லார்ட் முருகன்னு போட்டா?” என்று கேட்டார். பெயருக்கு முன் பட்டமாக வருவதால் எல் பெரியதுதான் என்றேன். அப்படியே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். கெட்டிக்காரர்.

மரியாதைக்காகவே பெரிய எழுத்து இடும் வழக்கமும் ஆங்கிலத்தில் உண்டு என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. கடவுளைக் குறிக்கும் ‘ஹி’, ‘ஹிஸ்’ போன்ற சுட்டுப்பெயர்களைச் சிலர் பெரிய எழுத்தில் தொடங்குவர். இது தொன்றுதொட்டு வந்த விதி என்று பலர் நினைத்தாலும், 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அவை சிறிய எழுத்திலேயே உள்ளன. அதைப் புதுப்பித்து 1982இல் முழுமையாக வந்த நியூ கிங் ஜேம்ஸ் பதிப்புதான் அவற்றைப் பெரிதாக்கியது. அமெரிக்கப் பதிப்பாளர்கள் பலர் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடு சிறிய எழுத்தையே பரிந்துரைக்கிறது. மாதா கோயில் கட்டுரையாளர் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பெரிய எழுத்து இட்டிருந்ததால் நான் கை வைக்கவில்லை. நம் பக்தி மொழியில் கணக்கே வேறு: திருவொற்றியூரில் பாடிய சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்றே பெயர், தோழனிடம் ‘நீ’ என்பதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும், மாதா கோயில் செபத்திலோ ‘நீர்’, ‘உமது’ என்றுதான் வரும்.

திருப்பலியைக் குறிக்கும் ‘மாஸ்’ என்ற சொல்லுக்குப் பெரிய எம் இட்டேன். சிறிய எம் என்றால் அது இயற்பியல் பாடத்து நிறை. எங்கள் பக்கத்துப் பையன்கள் சொல்லும் ‘மாஸ்’ எதுவென்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கடைசிச் சிக்கல் முன்னுரையில், ஒரே வரியில் வந்தது: வேத, விவிலிய, குர்ஆன் மரபுகள். சிகாகோ கையேட்டின்படி ‘வேதிக்’, ‘குர்ஆனிக்’ இரண்டுக்கும் பெரிய எழுத்து. பைபிளின் பி பெரியது என்றாலும், அதிலிருந்து பிறந்த ‘பிப்ளிக்கல்’ என்ற அடைமொழிக்கு மட்டும் சிறிய எழுத்து. ஆங்கிலேயர் தம் சொந்த வேதத்தை அவ்வளவு பழகிவிட்டார்கள் போலும். தனி நூலாக இருந்தால் விதிப்படியே விட்டிருப்பேன். நல்லிணக்க மலரில், மூன்று பேர் தோளோடு தோள் நிற்கும் வரியில் ஒருவரை மட்டும் குள்ளமாக்க மனம் வரவில்லை. பி எழுத்தின் கீழ் மூன்று கோடுகள் போட்டு, பெரிதாக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.