திரும்பப் பெற முடியாத ஊக்கத்தொகை

நொடிந்துகொண்டிருக்கும் நிறுவனங்களின் தலைமை அதிகாரிகள் வாங்கும் ஊதியத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தொகையின் அளவோடு நின்றுவிடுகிறது. எனக்கோ, அந்தத் தொகைக்குக் காவலாக நிற்கும் ஒப்பந்த விதிகள்தான் அதைவிடக் கோபமூட்டுகின்றன.

பிரிட்டனின் கட்டுமான நிறுவனமான கரிலியன் 2018 ஜனவரி 15 அன்று வீழ்ந்தபோது, அது தீர்க்க வேண்டிய பொறுப்புகள் ஏறத்தாழ 700 கோடி பவுண்டு, கையிருப்போ 2.9 கோடி பவுண்டு மட்டுமே. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்புதான், தன் ஒப்பந்தங்களின் மதிப்பில் 84.5 கோடி பவுண்டைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்வதாக அது அறிவித்திருந்தது. அந்த அறிவிப்புக்கும் ஒரு மாதம் முன்னதாகப் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை போய்ச் சேர்ந்துவிட்டது. தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஹௌசன் 2016ஆம் ஆண்டுக்கு, ஊக்கத்தொகையையும் சேர்த்து, சுமார் 15 லட்சம் பவுண்டு பெற்றார்.

கொடுத்த ஊக்கத்தொகையைத் திரும்பப் பெற வழிசெய்யும் விதி அங்கே இல்லாமல் இல்லை. ஆனால், கணக்கு தவறாகக் காட்டப்பட்டிருந்தாலோ, அதிகாரி கடுமையான முறைகேடு செய்திருந்தாலோ மட்டுமே அது செல்லுபடியாகும் என்ற அளவுக்கு, வீழ்ச்சிக்கு முந்தைய ஆண்டுகளில் அது குறுக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தையே அழிவுக்குக் கொண்டுபோன தவறான முடிவுகள் அந்த வரம்புக்குள் வரவில்லை. விதியை இப்படிக் குறுக்கியவர்கள் பங்குதாரர்களின் நலனைக் காக்க அமர்த்தப்பட்ட இயக்குநர்கள் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

சட்டம் போட்டாலும் வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். திவாலான நிறுவனம் தன் உயர் அதிகாரிகளைத் தக்கவைப்பதற்கென்று போனஸ் தருவதை அமெரிக்கா 2005இல் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதன்பின் திவால் மனு போடுவதற்கு முன்பே பணத்தைக் கொடுத்துவிடும் வழக்கம் வந்தது. 2020 நிதியாண்டில் மட்டும் 42 நிறுவனங்கள் இவ்வாறு சுமார் 16.5 கோடி டாலர் வழங்கியதை அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் கண்டறிந்தது.

திறமையானவர்களை இழக்காமல் இருக்கவே இத்தொகை என்று வாதிடுகிறார்கள். நிறுவனத்தை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களையே தக்கவைப்பதற்கு இது எப்படிக் காரணமாகும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஊக்கத்தொகையின் பெரும்பகுதியை ஐந்தாறு ஆண்டுகளுக்குக் கையில் தராமல் நிறுத்திவைத்து, நிறுவனம் அதற்குள் வீழ்ந்தால் ஊழியர்களின் ஓய்வூதிய நிதிக்கும், பொருளும் வேலையும் தந்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்களுக்கும் அதை முதலில் கொடுக்க வேண்டும். கரிலியனிடம் ஏறத்தாழ 30,000 சிறு, பெரு ஒப்பந்ததாரர்கள் அப்படிக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வர வேண்டியிருந்தது சுமார் 200 கோடி பவுண்டு.