கேட்க மட்டுமே அனுமதி கேட்டோம்: மொட்டை மாடிக் கூம்புக்காக எட்டு மாத அலைச்சல்

எங்கள் கல்லூரி மொட்டை மாடியில், விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கேட்கும் ஒரு தகரக் கூம்பை வைப்பதற்கு எட்டு மாதம் ஆனது. பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். ஆணை கைக்கு வந்தது செப்டம்பரில். முதல் நான்கு மாதம் இது வழக்கமான அலுவலகத் தாமதம் என்றே நினைத்துப் பொறுத்திருந்தேன். வேற்றுலகத்தாரோடு மனிதர்கள் எக்காரணம் கொண்டும் தொடர்பு கொள்ளக் கூடாது என்று உறுதியாக நம்பும் ஓர் அதிகாரி எங்கள் கோப்பைத் தெரிந்தே முடக்கி வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிய வந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இதே முயற்சியில் இறங்கவிருக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹைட்ரஜன் அணு வெளியிடும் 21 செ.மீ. அலையை, அதாவது 1420 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைப் பிடிக்கும் கூம்பு ஆண்டெனா, அதன் அடியில் ஒரு காலி தின்னர் டின், டின்னுக்குள் ஏறத்தாழ 5 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் செம்புக் கம்பி, வரும் அலையை வலுப்படுத்தும் ஒரு சிறு பெருக்கி, யூஎஸ்பியில் செருகும் வானொலி வாங்கி, மடிக்கணினி. ஐந்து மாணவர்கள் மூன்று வார இறுதிகளில் செய்து முடித்துவிட்டார்கள்.

தவறு என் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே தொடங்கியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாணவர்களின் உற்சாகத்தைக் காட்டும் எண்ணத்தில், பிற உலகங்களில் அறிவுள்ள உயிர்கள் இருந்தால் அவை பேசத் தேர்ந்தெடுக்கக்கூடிய அலைவரிசையில் செவிமடுக்கும் முயற்சி இது என்று எழுதியிருந்தேன். அது பொய்யில்லை. 1959இல் இயற்பியலாளர்கள் கொக்கோனியும் மாரிசனும் இந்த அதிர்வெண்ணில் தேடிப் பார்க்கலாம் என்று முன்மொழிந்தார்கள். அடுத்த ஆண்டே வானியலாளர் ஃபிராங்க் டிரேக் இரண்டு விண்மீன்களை நோக்கி வானொலித் தொலைநோக்கியைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். ஆனால் எங்கள் கூம்பின் அன்றாட வேலை பால்வீதியின் ஹைட்ரஜனை அளப்பதுதான். அதை முதலில் எழுதி, மற்றதை விட்டுவிட்டிருக்க வேண்டும். எழுதப் போகிறவர்களுக்கு என் முதல் எச்சரிக்கை இது: விண்ணப்பத்தில் 'தொடர்பு' என்ற சொல்லே வர வேண்டாம், 'பெறும் கருவி' என்று தலைப்பிலேயே போடுங்கள்.

நிர்வாக அதிகாரி முதல் சந்திப்பில் மிகவும் மரியாதையாகப் பேசினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய செய்தித்தாள் நறுக்கை எடுத்துக் காட்டினார். வேற்றுலகத்தாரின் வருகை, கொலம்பஸ் அமெரிக்காவில் வந்து இறங்கியது அங்கிருந்த மக்களுக்கு எப்படி முடிந்ததோ அப்படி முடியக்கூடும் என்று 2010இல் ஸ்டீபன் ஹாக்கிங் எச்சரித்த செய்தி அது. மடிப்புகளில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, பல ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தப்பட்டிருந்தது. "அடுத்த தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்றே தெரியாதபோது நம் வீட்டு விளக்கை ஏன் போட்டுக் காட்ட வேண்டும், மேடம்?" என்று கேட்டார். நாங்கள் விளக்குப் போடவில்லை, திண்ணையில் உட்கார்ந்து காது கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்றேன். தலையசைத்தார். கோப்பு மேலே போகும் என்றார். நானும் நம்பி வந்துவிட்டேன்.

மார்ச் மாதத்தில், தொலைத்தொடர்புத் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்கி வரும்படி ஒரு குறிப்பு வந்தது. இரவு ரயிலில் சென்னைக்குப் போனேன். இரண்டு அலுவலகங்களில் மாறி மாறிக் காத்திருந்த பிறகு, எதையும் ஒலிபரப்பாத ஒரு கருவிக்கு இப்படிக் கடிதம் எழுதித் தரும் வழக்கம் தங்களிடம் இல்லை என்று ஒரு பெண் ஊழியர் பொறுமையாக விளக்கினார். அதையே ஒரு வரியாக எழுதித் தரக் கேட்டேன். இல்லாத வழக்கத்துக்கு எப்படிக் கடிதம் கொடுப்பது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு நாள் விடுப்பும் ரயில் கட்டணமும் வீணானதுதான் மிச்சம். தடையில்லாச் சான்று கேட்கிறவரிடம், அது எந்த விதியின் கீழ் தேவைப்படுகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள்.

மே மாதத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. நிர்வாக அதிகாரி விடுப்பில் இருந்த ஒரு நாள், கோப்பின் நிலையை விசாரிக்கப் போனேன். பிரிவு உதவியாளர் கோப்பை எடுத்து என் முன்னால் விரித்தார். நான் கொடுத்தவை ஏழு பக்கங்கள். கோப்பில் ஒன்று, இரண்டு, மூன்று, அதன் பிறகு ஏழு. நடுவில் இருந்த மூன்று பக்கங்களைக் காணவில்லை. கருவியின் படம், மின்சுற்று விளக்கம், 'இது பெறும் கருவி மட்டுமே, இதனால் எதையும் அனுப்ப இயலாது' என்ற உறுதிமொழி ஆகிய மூன்றும் அந்தப் பக்கங்களில்தான் இருந்தன. கோப்பைக் கட்டியிருந்த பச்சைக் கயிற்றில், துளையோடு கிழிந்த ஒரு காகித மூலை இன்னும் மாட்டியிருந்தது. அதில் நான் பென்சிலால் போட்ட '5' தெளிவாகத் தெரிந்தது. எதிரே ஆட்சிக்குழுவுக்கு எழுதப்பட்ட குறிப்பு: 'இயற்பியல் துறையினர் வேற்றுக்கிரகவாசிகளுடன் தொடர்பு கொள்ளும் கருவி ஒன்றை நிறுவ அனுமதி கோருகின்றனர். கல்லூரியின் பாதுகாப்புக் கருதிப் பரிந்துரைக்க இயலவில்லை.'

உதவியாளர் ஒன்றும் பேசவில்லை. என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வைத்தார்.

நிர்வாக அதிகாரியின் அச்சத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. 1974 நவம்பரில் போர்ட்டோ ரிக்கோ தீவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து வேற்றுலகத்தாருக்காக எம்13 விண்மீன் திரளை நோக்கி 1679 பிட்டுகள் கொண்ட செய்தியை அனுப்பியபோது, பிரிட்டனின் அரசு வானியலாளராக இருந்த மார்ட்டின் ரைல் அதைக் கண்டித்தார். நோபல் பரிசு பெற்ற ஒருவருக்கே அந்தப் பயம் இருந்தது. ஆனால் ரைல் தன் எதிர்ப்பை வெளிப்படையாகச் சொன்னார். எங்கள் அதிகாரியும் மறுப்புக் கையெழுத்துப் போட்டு, காரணத்தை எழுதியிருந்தால் நான் மேல்முறையீடு செய்திருப்பேன். பக்கங்களை உருவி எடுத்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதல்வரிடம் நேராகப் புகார் கொடுக்கும்படி சக ஆசிரியர்கள் சொன்னார்கள். இரண்டு நாள் யோசித்தேன். அமெரிக்காவில் நாசாவின் வேற்றுலக அறிவுத் தேடலைச் செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் 1978இல் வீண்செலவு என்று பகிரங்கமாகக் கேலி செய்து, 1981இல் அதன் நிதியையே நிறுத்த வழி செய்தார். வானியலாளர் கார்ல் சேகன் அவரை நேரில் சந்தித்து நிதானமாக விளக்கிய பிறகு அவர் தம் எதிர்ப்பைக் கைவிட்டார். நிதி திரும்ப வந்தது. எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. 1992 அக்டோபர் 12ஆம் தேதி தொடங்கிய நாசாவின் பெரிய தேடல் திட்டத்தை, ஓராண்டுக்குள் ரிச்சர்ட் பிரையன் என்ற இன்னொரு செனட்டர் நிறுத்திவிட்டார். அதன் பிறகு அந்தத் தேடல் தனியார் நன்கொடையில்தான் நடந்தது. இருந்தாலும் சேகன் போன வழியில் ஒரு முறை போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

காணாமல் போன பக்கங்களைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. புதிதாக ஒன்பது பக்கங்கள் தயாரித்து, ஒவ்வொன்றிலும் '1/9', '2/9' என்று பேனாவால் எண்ணிட்டு, இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றின் எல்லாப் பக்கங்களிலும் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். எல்லாப் பக்கத்துக்குமா என்று தபால் பிரிவில் இருந்த அண்ணன் சலித்துக்கொண்டார். எல்லாப் பக்கத்துக்கும்தான் என்றேன். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒன்பது பக்கங்களில் எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பக்கம். பன்னாட்டு வானொலி ஒழுங்குவிதிகளின்படி 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் யாரும் எதையும் ஒலிபரப்பக் கூடாது. வானியலாளர்கள் இடையூறின்றிக் கேட்பதற்காகவே உலகம் முழுவதும் அமைதியாக விடப்பட்ட பட்டை அது. அந்த விதியை அச்சிட்டு, தமிழில் விளக்கமும் எழுதி இணைத்திருந்தேன். அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். "அப்படியானால் நீங்கள் நினைத்தாலும் இதில் பேச முடியாதா?" என்று கேட்டார். கருவியில் அதற்கான பாகமே இல்லை, இருந்தாலும் சட்டம் விடாது என்றேன். முகம் தளர்ந்தது போல இருந்தது. ஆனாலும் பரிந்துரைக்கவில்லை, 'குழுவின் முடிவுக்கு விடப்படுகிறது' என்று மட்டும் எழுதினார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆட்சிக்குழுவில் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். மின்சுற்றுப் படத்தை விரலால் தொடர்ந்துகொண்டே போய், "இதில் டிரான்ஸ்மிட்டர் எங்கே?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

ஆணை வந்த மூன்றாம் நாள் இரவு, மாணவர்களோடு மாடிக்குப் போனால் மின்சாரம் இல்லை. மாடி இணைப்பின் பியூஸ் கட்டையைக் கழற்றி அலுவலகத்தில் வைக்கச் சொல்லி உத்தரவாம். இரவுக் காவலர் சங்கடத்தோடு சொன்னார். யார் உத்தரவு என்று நான் கேட்கவில்லை. பெருக்கிக்குத் தேவையான மின்சாரம் யூஎஸ்பி வாங்கியின் வழியே மடிக்கணினியிலிருந்தே போகும்படி மாணவர்கள் முன்பே அமைத்திருந்தார்கள். மடிக்கணினியில் இரண்டு மணி நேரத்துக்குச் சார்ஜ் இருந்தது. மின் இணைப்பை நம்பாத அமைப்பாகவே செய்துகொள்ளுங்கள்.

வானம் முழுக்க மேகம். ஒரு விண்மீன்கூடத் தெரியவில்லை. இந்த அலைக்கு மேகம் தடையில்லை என்பதால், கைப்பேசியில் திசை பார்த்து, வடக்கே அன்னம் என்று நாம் சொல்லும் விண்மீன் கூட்டம் இருக்க வேண்டிய உயரத்துக்குக் கூம்பைச் சாய்த்து, கீழே இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்தோம். முதலில் வெறும் இரைச்சல். ஐந்தாறு நிமிடங்கள் பதிவுகளைச் சேர்த்த பிறகு, திரையில் தட்டையான கோட்டின் நடுவே ஒரு மேடு எழும்பியது. அதன் வலப்பக்கம், சற்று உயர்ந்த அதிர்வெண்ணில், இன்னொரு சிறு மேடு. பால்வீதியின் வேறொரு சுருள்கையில், அதாவது சுருளாக வளைந்து செல்லும் கிளையில், உள்ள ஹைட்ரஜன் நம்மை நோக்கி வருவதால் நகர்ந்து தெரியும் மேடு அது. கூம்பை வேறு பக்கம் திருப்பினோம், இரண்டும் தாழ்ந்தன. மீண்டும் திருப்பினோம், மீண்டும் எழுந்தன. ஒரு மாணவி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆணை வரும் மார்ச் 31 வரை மட்டுமே செல்லும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, 'இக்கருவியிலிருந்து எவ்விதச் செய்தியும் அனுப்பப்படவில்லை' என்று நான் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதிகாரி கடைசி நேரத்தில் சேர்த்திருக்கிறார். முதல் அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். அந்த இரவின் வரைபடத்தையும் இணைத்து, இரண்டு பக்கங்களிலும் முத்திரை வாங்கியிருக்கிறேன். பியூஸ் கட்டையைத் திரும்பத் தரும்படி கொடுத்த தனிக் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.