ஜனாதிபதி பொய் சொன்னாரா என்று கேட்டால் என்ன எழுதுவது?

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். களுவாஞ்சிகுடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நான் பேசிப் பார்த்த பிள்ளைகளில் அநேகமானோருக்கு ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி முறை மனப்பாடமாகவே இருக்கிறது. பதவிக்காலம் 4 வருடம், 22ஆவது திருத்தத்தின்படி இரண்டு தடவைதான் தெரிவாகலாம், ஜனாதிபதி ஒரு சட்டமூலத்தை மறுக்கும் வீட்டோவை முறியடிக்க காங்கிரசின் இரண்டு சபைகளிலும் (செனட், பிரதிநிதிகள் சபை) மூன்றில் இரண்டு வேண்டும், எல்லாம் சரி. ஆனால் கேள்வியின் கடைசியில் 'விமர்சன ரீதியாக ஆராய்க' என்று வந்துவிட்டால் பேனை நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு இரண்டு விதமாகத்தான் எழுதுகிறார்கள். ஒன்று, முகநூலில் கேட்ட பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு புஷ் பொய்யன், ட்ரம்ப் பொய்யன், அல்லது ஒபாமா பொய்யன் என்று திட்டுவது. மற்றது, சிலர் இப்படிச் சொல்கிறார்கள், சிலர் அப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது. இரண்டிலும் ஆராய்ச்சி இல்லை.

எனக்கு இதைப் படிப்பித்த சேர் ஒரு வழி காட்டினார். கொப்பியில் நான்கு நிரல் போடச் சொன்னார். முதலாவதில் ஜனாதிபதி என்ன சொன்னார், எந்தத் திகதியில். இரண்டாவதில் அந்தத் திகதியில் அவருடைய கையில் இருந்த தகவல் என்ன. மூன்றாவதில் பிறகு யார் விசாரித்தார்கள், என்ன கண்டுபிடித்தார்கள். நான்காவதில் இரண்டு கட்சிகளும் எப்படி வாக்களித்தன. ஒரு ஜனாதிபதியின் நேர்மையைப் பற்றிய எந்தச் சண்டையையும் இந்த நான்கு நிரலுக்குள் கொண்டுவந்துவிடலாம், கொண்டுவந்த பிறகு உங்களுக்குப் பிடித்தவர் யார் பிடிக்காதவர் யார் என்பது தானாகவே பின்னுக்குப் போய்விடும். பல்கலைக்கழகத்திலும் இதே முறையைத்தான் நான் பாவித்தேன், இன்றைக்கும் வேறு நல்ல முறை ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஈராக்கை எடுத்துப் பார்ப்போம், ஏனென்றால் இதுதான் மிகவும் பிரயோசனமான உதாரணம். 2003 ஜனவரி 28ஆம் திகதி காங்கிரசுக்கு ஆற்றிய உரையில் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், சதாம் ஹுசைன் ஆபிரிக்காவில் யுரேனியம் தேடியதாக பிரித்தானிய அரசு அறிந்திருக்கிறது என்று சொன்னார். பெப்ரவரி 5ஆம் திகதி அவருடைய இராஜாங்கச் செயலாளர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் போய் பேரழிவு ஆயுதங்கள் பற்றிப் பேசினார். மார்ச் 20 யுத்தம். ஜூலையில் வெள்ளை மாளிகையே அந்த யுரேனிய வசனம் உரையில் இருந்திருக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டது. 2004இல் ஈராக்கில் தேடிய ஆய்வுக் குழுவின் இறுதி அறிக்கை, ஆயுதக் கையிருப்பு எதுவும் இருக்கவில்லை என்றது. இவ்வளவும் முதல் நிரலும் மூன்றாவது நிரலும்.

சண்டை இருப்பது இரண்டாவது நிரலில். ஜனநாயகக் கட்சியினரில் பலர் அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்றார்கள். குடியரசுக் கட்சியினர், உளவுத் தகவல்தான் பிழை, அதே தகவலைப் பார்த்துவிட்டு நீங்களும்தானே கையை உயர்த்தினீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 2002 ஒக்டோபரில் யுத்த அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் செனட்டில் 77க்கு 23 என்று நிறைவேறியது, ஆதரித்தவர்களில் 29 பேர் ஜனநாயகக் கட்சியினர், அவர்களில் ஹிலாரி கிளின்டனும் ஜோன் கெரியும் அடக்கம். பிறகு 2004 ஜூலையில் செனட்டின் புலனாய்வுக் குழு, உளவுத்துறையின் பிரதான முடிவுகளில் பெரும்பாலானவை மிகைப்படுத்தப்பட்டவை அல்லது ஆதாரமில்லாதவை என்று எழுதியது. அது உளவுத்துறையின் தலையில் விழுந்த பழி. 2008 ஜூனில் அதே குழு இன்னொரு அறிக்கை வெளியிட்டது. அதில் சதாமுக்கும் அல்-கொய்தாவுக்கும் கூட்டு இருந்தது போல ஜனாதிபதியும் அவருடைய ஆட்களும் பேசியதற்கு உளவுத் தகவலின் ஆதரவு இருக்கவில்லை என்று வந்தது. அது பேசியவர்களின் தலையில் விழுந்த பழி.

இப்போது பாருங்கள், 'பொய்' என்ற ஒரே சொல்லுக்குப் பதிலாக உங்களிடம் மூன்று படிகள் இருக்கின்றன. தெரிந்தே பொய் சொல்வது ஒன்று. ஆதாரத்தில் இருந்த சந்தேகத்தை மறைத்து நிச்சயம் போலப் பேசுவது இன்னொன்று. உண்மையிலேயே ஏமாந்துபோவது மூன்றாவது. எந்தப் படி என்று நீங்கள் தெரிவுசெய்து அதற்குக் காரணம் எழுதினால் அதுதான் ஆராய்ச்சி. என்னைக் கேட்டால் நடுப்படிதான் அந்த ஆவணங்களோடு பொருந்துகிறது. அறிக்கைகளுக்குள் சந்தேகம் இருந்தது, மேடையில் அந்தச் சந்தேகம் காணாமல் போனது, அந்த மேடைப்பேச்சை நம்பி ஒரு நாட்டுக்குள் படை போனது. இதைச் சின்ன விடயமாக என்னால் எடுக்க முடியாது. நீங்கள் வேறு படியைத் தெரிவுசெய்யலாம், ஆனால் நிரல் இரண்டைக் காட்டாமல் தெரிவுசெய்யாதீர்கள்.

அடுத்தது கட்டாயம் மற்றக் கட்சியிலிருந்து ஒரு ஜனாதிபதியை எடுக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், இரண்டு உதாரணமும் ஒரே கட்சியிலிருந்து வந்தால் விடை கட்சித் துண்டுப்பிரசுரம் மாதிரி ஆகிவிடும். கிளின்டன் இதற்குச் சரியான ஆள், ஏனென்றால் அவருடைய விவகாரத்தில் சொந்த நேர்மையும் வெளிநாட்டுக் கொள்கையும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டன. 1998 ஜனவரி 26 அவர் வெள்ளை மாளிகையில் வேலைசெய்த மொனிக்கா லெவின்ஸ்கியோடு இருந்த உறவை மறுத்தார், ஓகஸ்ட் 17 ஒத்துக்கொண்டார். இடையில் ஓகஸ்ட் 7 நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டிருந்தன, ஓகஸ்ட் 20 அவர் ஆப்கானிஸ்தான் மீதும் சூடான் மீதும் ஏவுகணை ஏவினார். டிசம்பர் 16 ஈராக் மீது குண்டுவீச்சு, டிசம்பர் 19 பிரதிநிதிகள் சபையில் அவருக்கு எதிரான குற்றப்பிரேரணை. இந்தத் திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த குடியரசுக் கட்சியினர் சிலர், கவனத்தைத் திருப்பத்தான் தாக்குகிறார் என்று பகிரங்கமாகவே சந்தேகப்பட்டார்கள். ஆனால் தூதரகக் குண்டுவெடிப்பு உண்மை, அதைச் செய்த அல்-கொய்தாவும் உண்மை. ஒரு விடயத்தில் பொய் சொன்ன ஜனாதிபதி இன்னொரு விடயத்தில் உண்மையைச் சொல்லும்போதும் நாடு பாதி நம்பாமல் நிற்கிறது. நேர்மை ஏன் பாதுகாப்புக் கொள்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டிய விடயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிற ஒரு தகவல்: பிரதிநிதிகள் சபையில் குற்றப்பிரேரணை நிறைவேறினால் பதவி போய்விட்டது என்று அர்த்தமில்லை. சாதாரண பெரும்பான்மையால் அங்கே குற்றம் சாட்டுகிறார்கள், செனட் விசாரித்து மூன்றில் இரண்டால் தீர்ப்பளிக்க வேண்டும். 1868இல் அன்ட்ரூ ஜோன்சன் ஒரு வாக்கால் தப்பினார். கிளின்டன் 1999 பெப்ரவரி 12 தப்பினார். ட்ரம்ப் 2020இலும் 2021இலும் தப்பினார். செனட்டால் நீக்கப்பட்ட ஜனாதிபதி இதுவரை ஒருவரும் இல்லை. வோட்டர்கேட் விவகாரத்தில் சிக்கிய நிக்சனும் நீக்கப்படவில்லை, 1974 ஓகஸ்ட் 9 தானாக விலகினார்.

நான்காவது நிரலுக்கு வருவோம். இங்கேதான் நல்ல விடைக்கும் சாதாரண விடைக்கும் வித்தியாசம் தெரியும். கட்சி மாறினால் கொள்கை பற்றிய கருத்தும் மாறுகிறதா என்று பாருங்கள். தேசிய பாதுகாப்பு முகவரகம் தொலைபேசித் தொடர்புகளைக் கண்காணிப்பது பற்றி 2006இல் புஷ் காலத்தில் கேட்டபோது குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் 75 வீதம் ஏற்கலாம் என்றார்கள், ஜனநாயகக் கட்சியில் 37 வீதம். 2013இல் ஒபாமா காலத்தில் கேட்டபோது குடியரசுக் கட்சியில் அது 52 ஆகக் குறைந்தது, ஜனநாயகக் கட்சியில் 64 ஆக உயர்ந்தது. கண்காணிப்பது அதே முகவரகம், கதிரையில் இருந்த ஆள்தான் வேறு. இந்த நான்கு எண்களையும் பாடமாக்கி வையுங்கள்.

நிக்சனின் காலத்தோடு இதை ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 8க்கு 0 என்று அவருடைய வெள்ளை மாளிகை உரையாடல்களின் ஒலிநாடாக்களைக் கொடுக்கச் சொன்னது, பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழுவில் அவருடைய சொந்தக் கட்சியினர் 6 பேர் முதலாவது குற்றச்சாட்டை ஆதரித்தார்கள், கடைசியில் பரி கோல்ட்வோட்டர் போன்ற கட்சித் தலைவர்களே வெள்ளை மாளிகைக்குப் போய் ஆதரவு போய்விட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். 2020இல் ட்ரம்ப் விசாரணையில் சொந்தக் கட்சியிலிருந்து எதிராக வாக்களித்தவர் மிட் ரொம்னி ஒருவர்தான். 2021இல் 7 பேர், மொத்தம் 57க்கு 43, அதுவும் மூன்றில் இரண்டுக்குத் தேவையான 67ஐத் தொடவில்லை. அதிகாரத்தைப் பிரித்துவைக்கும் வலுவேறாக்கமும், ஒரு துறை மற்றத் துறையைக் கட்டுப்படுத்தும் தடைகளும் சமன்பாடுகளும் தாளில் அப்படியே இருக்கின்றன, கட்சி விசுவாசம் கூடக்கூட அவை வேலைசெய்வது குறைகிறது. உங்கள் முடிவுரைக்கு இந்த ஒரு வரி போதும்.

பாதுகாப்புக் கொள்கை பற்றி எழுதும்போது ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். மிகப் பெரிய அதிகாரங்கள் கட்சிச் சண்டை நடக்கும்போது கொடுக்கப்படவில்லை, எல்லோரும் ஒன்றாக நின்றபோதுதான் கொடுக்கப்பட்டன. 1964இல் வியட்நாம் யுத்தத்துக்கு வழிவிட்ட டொங்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2. அந்தத் தீர்மானத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்ட இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பதுதான் பிற்கால ஆய்வுகளின் முடிவு. 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பின் ஜனாதிபதிக்குப் படைபலத்தைப் பாவிக்கக் கொடுத்த அதிகாரம் செனட்டில் 98க்கு 0, பிரதிநிதிகள் சபையில் 420க்கு 1, எதிர்த்த அந்த ஒருவர் பார்பரா லீ. ஒக்டோபர் 26 கையெழுத்தான, கண்காணிப்பு அதிகாரங்களைக் கூட்டிய தேசபக்திச் சட்டம் செனட்டில் 98க்கு 1. பயம் வந்த நேரத்தில் கேள்வி கேட்பவர் இல்லை, பயம் தணிந்த பிறகுதான் யார் பொய் சொன்னது என்ற வழக்கு.

இது நமக்குப் புரியாத விடயம் இல்லை. 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்த ஊர்களில் இருந்த பயத்தை, தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், நாம் எல்லோரும் கண்டோம். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்று வருடத்துக்கு என்று வந்து 1982இல் நிரந்தரமானதையும் அது எத்தனை வீடுகளுக்குள் நுழைந்தது என்பதையும் இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தேசபக்திச் சட்டத்தின் சில பிரிவுகளும் காலவரையறையோடு வந்து மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டன, 2015இல்தான் தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாகத் திரட்டுவது நிறுத்தப்பட்டது. ஒப்பீட்டுக் கேள்வி வந்தால் இதைத் தாராளமாக எழுதுங்கள். அமெரிக்காவைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் ஒரு வசனத்தோடு நிறுத்துங்கள், நமது வலி பெரிது என்பதற்காகக் கேள்வியை விட்டுப் போகக் கூடாது. ஒப்பீட்டில் ஜனாதிபதியை நீக்குவது பற்றிய நமது யாப்பின் 38(2)ஐயும் மறக்க வேண்டாம், அங்கே பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டோடு உயர் நீதிமன்ற விசாரணையும் வருகிறது, 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான பிரேரணை சபாநாயகரைத் தாண்டவில்லை.

வெளிநாட்டு விவகாரத்துக்கு ஒரு உதாரணம் போதும். ஈரானுடனான 2015 அணு உடன்பாட்டை ஒபாமா செனட்டின் மூன்றில் இரண்டு தேவைப்படும் உடன்படிக்கையாகக் கொண்டுபோகவில்லை, 2018 மே 8 ட்ரம்ப் தனியாகவே அதிலிருந்து விலகினார். சபையைத் தாண்டிச் செய்ததை அடுத்தவர் சபையைத் தாண்டியே அழிக்கலாம்.

படிக்கும் விதம் பற்றி இன்னும் ஒன்று. பெரியகல்லாற்றில் ஒரு நண்பனின் வீட்டு விறாந்தையில் நாங்கள் கூடிப் படித்தபோது, ட்ரம்பை வெறுப்பவன் ட்ரம்புக்காகப் பேச வேண்டும், ஒபாமாவைப் பிடித்தவள் ஒபாமாவைக் குற்றஞ்சாட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். முதலில் எல்லோருக்கும் எரிச்சல்தான். ஆனால் எதிர்ப்பக்கத்தின் பலமான வாதம் எது என்று அப்படித்தான் பிடிபட்டது. கூட்டம் சேராதவர்கள் தனியாக எழுதியும் பார்க்கலாம். யூடியூப் பார்ப்பதென்றால் பாருங்கள், ஆனால் திகதி சொல்லாத ஆளின் பேச்சைக் கொப்பியில் ஏற்றாதீர்கள்.

ரீகனின் ஈரான் - கொன்ட்ரா விவகாரத்தை நான் வேண்டுமென்றே தொடாமல் விட்டிருக்கிறேன். 1986 நவம்பர் 13 அவர் பணயக்கைதிகளுக்காக ஈரானுக்கு ஆயுதம் கொடுக்கவில்லை என்றார், 1987 மார்ச் 4 தன் மனம் அதை இன்னும் நம்பினாலும் ஆதாரங்கள் வேறுவிதமாகச் சொல்கின்றன என்றார். இந்த இரண்டு உரைகளையும் தேடி எடுத்து நான்கு நிரலையும் நீங்களே நிரப்புங்கள், பிறகு மூன்று படியில் எந்தப் படி என்று அரைப் பக்கத்தில் எழுதி உங்கள் சேரிடமோ மிஸ்ஸிடமோ காட்டுங்கள். அது முடிந்தால் அடுத்தது 2011 லிபியத் தாக்குதலும், ஜனாதிபதியின் யுத்த அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் 1973இன் யுத்த அதிகாரத் தீர்மானமும்.