காப்பகத்துக்கு இரண்டாவது தவணை வாங்கிய அனுபவம்

ஒருவழியாக அரசு மானியத்தின் இரண்டாவது தவணை பேங்க் கணக்கில் விழுந்துவிட்டது. வடசென்னையில், ராயபுரம் பக்கம், வீடில்லாத பெண்களுக்கான காப்பகம் ஒன்றில் கணக்கு வழக்கு பார்ப்பது என் வேலை. பணம் வந்த மெசேஜைப் பார்த்ததும் முதலில் இரவுக் காவலுக்கு வரும் அக்காவுக்குத்தான் போன் செய்தேன். மாதக்கணக்கில் பாதிச் சம்பளத்தோடு ஒரு ராத்திரிகூட விடாமல் வந்தவர் அவர்.

2024 வரை நடந்த மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல்படி, 50 பேர் தங்கும் காப்பகத்துக்குப் பராமரிப்புச் செலவாக ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய். மாதத்துக்கு 50,000. ஆளுக்கு ஆயிரம். காப்பாளர் சம்பளம், துப்புரவு, கரண்ட் பில், தண்ணீர் லாரி, பினாயில், கிழிந்த பாய்க்கு மாற்றுப் பாய் எல்லாம் இதற்குள்தான். முதல் தவணையைச் செலவழித்து, பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் இரண்டாவது தவணை. அந்த ஒரு தாள் எங்காவது தங்கினால் எல்லாமே தங்கிவிடும். எங்களுக்கு அது ஒரு இடத்தில் இல்லை, பல இடங்களில் தங்கியது.

முதலில் படிவம். மானியம் தரும் அலுவலகத்தில் அவர்களே கொடுத்த ஜெராக்ஸ் தாளைப் பார்த்துத்தான் சான்றிதழைத் தயார் செய்தோம். ஆடிட்டர் கையெழுத்தும் வாங்கியாயிற்று. சில வாரம் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். அது 19-ஏ என்ற பழைய படிவமாம். 2017 பொது நிதி விதிகள் வந்த பிறகு 12-ஏ படிவம்தான் செல்லுமாம். கொடுத்தது நீங்கள்தானே சார் என்று கேட்டால், “அது முன்னாடி இருந்தவர் வச்ச மாதிரிங்க” என்று பதில். மறுபடி ஆடிட்டர், மறுபடி கையெழுத்து, மறுபடி யூடின் எண் (ஆடிட்டர் தன் சான்றுக்குப் போடும் தனி அடையாள எண்). யாராவது மாதிரிப் படிவம் என்று நீட்டினால், தலைப்பில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையில் வாங்குங்கள். மானியப் பணத்துக்கு பேங்க் கொடுத்த வட்டியையும் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். அது நம் பணம் இல்லை, அரசுக்குத் திரும்பப் போக வேண்டியது.

அடுத்தது வருகைப் பதிவேடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த அந்த இரண்டு மூன்று ராத்திரியில் எங்கள் கதவைத் தட்டிய யாரையும் திருப்பி அனுப்பவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். கைக்குழந்தையோடு நின்ற பெண்ணிடம், எங்களுக்கு 50 பேருக்குத்தான் அனுமதி என்று யாரால் சொல்ல முடியும்? படிக்கட்டு வரைக்கும் பாய் போட்டோம். வந்த எல்லோர் பெயரையும் எழுதினோம். அதுதான் அந்த அலுவலக எழுத்தர் கண்ணில் பட்டது. “அனுமதி அம்பது, இங்க எழுபதுக்கு மேல இருக்கே மேடம்? இந்தப் பக்கத்தை மட்டும் வேற எழுதிக் கொண்டாந்துடுங்க” என்றார். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் மாட்டேன் என்றேன். தணிக்கையில் திருத்திய பதிவேடு ஒன்று சிக்கினால் அந்த ஆண்டுக் கணக்கு முழுக்கப் பொய்யென்று ஆகிவிடும். அதைவிட, அன்றைக்கு வந்து படுத்தவர்களை வரவே இல்லை என்று என் கையால் எப்படி எழுதுவேன்? கூடுதலாக வந்தவர்களுக்காக ஒரு ரூபாயும் கேட்கவில்லை என்று தனிக் கடிதம் வைத்தோம். அது போதுமாக இருந்தது. பதிவேட்டை மட்டும் யார் சொன்னாலும் மாற்றி எழுதாதீர்கள்.

உண்மையில் எங்களை உலுக்கியெடுத்தது ஆதார். தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆதார் நகல் வைத்தால்தான் கோப்பை மேலே அனுப்புவேன் என்று அதே எழுத்தர் சொல்லிவிட்டார். எங்களிடம் இருப்பவர்களில் பாதிப் பேரிடம் ஆதார் இல்லை. சிலரிடம் எப்போதுமே இருந்ததில்லை. சிலருடையது குடிசை தீப்பிடித்தபோது போனது. சிலருடையதை வீட்டை விட்டுத் துரத்தியவர்களே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். “ஆதாரே இல்லைன்னா ஆள் இருக்காங்கன்னு நான் எப்படி மேடம் நம்புறது?” என்று கேட்டார். வந்து பாருங்கள் சார், ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தால் எல்லோரும் இருப்பார்கள் என்றேன். அவர் வரவில்லை.

வீட்டுக்கு வந்து வழிகாட்டுதலை முதலிலிருந்து படித்தேன். அடையாளச் சான்று, ரேஷன் கார்டு, ஓய்வூதியம், பேங்க் கணக்கு இதெல்லாம் கிடைக்கத் துணை செய்வதும் காப்பகத்தின் பொறுப்பு என்று அதிலேயே இருக்கிறது. அப்படியென்றால் இதெல்லாம் இல்லாமல்தான் ஒருவர் வருவார் என்று தெரிந்தேதானே அதை எழுதியிருக்கிறார்கள்! அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, மஞ்சள் கோடு போட்டு, எழுத்தரைத் தாண்டி மேலதிகாரியிடம் போனேன். அந்த அம்மா நின்றுகொண்டே படித்தார். உட்காரச் சொன்னார். பச்சை மையில் கோப்பில் எழுதினார்: ஆதார் உள்ளவர்களுக்கு நகல், இல்லாதவர்களுக்குப் புகைப்படத்தோடு பதிவேட்டு நகல் போதும். இத்தனை மாத அலைச்சல் அந்த இரண்டு வரியில் தீர்ந்தது. கீழே எவ்வளவு நேரம் வாதாடினாலும், எழுத்தில் இருக்கிற விதியைக் காட்டாமல் எதுவும் நகராது. வழிகாட்டுதலைப் பையிலேயே வைத்திருங்கள்.

இதோடு விடவில்லை. ஆதார் இல்லாதவர்களுக்கு எடுத்துக் கொடுக்கவும் தொடங்கினோம். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர், ஆதார் ஆணையத்தின் நிலையான சான்றிதழ் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதுவே சான்று. காப்பகத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தால் செல்லாது, அந்தப் படிவமேதான் வேண்டும். புகைப்படத்தின் மேல் படும்படி முத்திரை விழ வேண்டும். தேதி போட்டு மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஒரே நாளில் எல்லோருக்கும் கையெழுத்து வாங்கி அடுக்கி வைக்காதீர்கள், கடைசியில் இருப்பவர்களுக்குத் தேதி தாண்டிவிடும்.

காசிமேட்டில் பல வருஷம் இறால் உரித்த ஒரு ஆயாவை அழைத்துப் போனேன். மிஷின் அவர் விரலை எடுக்கவே இல்லை. துடைத்தார், மறுபடி வைத்தார், பயனில்லை. விரல் நுனி வழவழவென்று தேய்ந்திருந்தது. “எனக்கு ரேகையே இல்லம்மா, விட்டுடு, போலாம்” என்றார். கண் கருவிழியை எடுக்கச் சொல்லி நான் நகரவில்லை. எடுத்தார்கள், பதிவானது. இப்போது அவருக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். தவணைப் பணத்தைவிட எனக்கு இதுதான் பெரிய சந்தோஷம்.

2016இல் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில், வீடில்லாதவர்களுக்கான காப்பகங்களின் நிலையைப் பார்க்க ஒரு குழு போட்டது. ஒதுக்கிய பணம் செலவாகாமல் கிடக்க, மனிதர்கள் ஏன் தெருவில் கிடக்கிறார்கள் என்பதுதான் அப்போது எழுந்த கேள்வி. வால்டாக்ஸ் ரோட்டில் நடைபாதையில் பிள்ளை பெற்று வளர்க்கும் குடும்பங்களைப் பார்க்கிற எனக்கு அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. பணம் இல்லாமல் இல்லை. கோப்பு நகராததால் கிடக்கிறது.

வந்த தொகையும் முழுசாக வரவில்லை. பகலில் ஃபேன், லைட் எதற்கு என்று கேட்டு மின்கட்டணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவிட்டார்கள். காப்பகம் ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவு. சுகமில்லாதவர்களும் வயதானவர்களும் பகலில் எங்கே போவார்கள்? உத்தரவு நகலோடு கடிதம் கொடுத்து, தபால் பிரிவில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடப் போகிறேன்.